ஜன்னல் சட்டத்தில் சுட்ட கரி

என் கண்ணுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள், உன் தம்பி வாலு தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஓய்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் ஆசை. வாலுவுக்கு முன்பல் விழுந்து பேச்செல்லாம் காற்றாகப் போகிறது.

போன விடுமுறையில் உன் கல்லூரி ஆராய்ச்சிக்காகக் கொல்லையில் மூன்று பாத்தி போட்டுவிட்டுப் போனாயே. சுவருக்கு அந்தப்புறம் முன்பு பேட்டரி உடைத்த இடம், மண்ணில் ஈயம் இருக்கிறது, கரி போட்டால் அது ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும், வேருக்கு விடாது என்றாய். ஒன்றில் கரி போடாமலும் இரண்டில் போட்டும் கீரை விதைக்கச் சொன்னாய். வெட்டிய கிளைகளை மட்டும் டிரம்மில் அடைத்து மூடிச் சுடு, சோதனை முடிவு வரும்வரை ஓர் இலைகூட வாயில் வைக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னாய். முதல் கரிப் பாத்திக்கு அப்படியே செய்தேன். அடுத்ததற்குக் கிளை போதவில்லை, மாடியில் கிடந்த பழைய ஜன்னல் சட்டங்களைப் பச்சைப் பெயிண்டோடு உடைத்துப் போட்டுச் சுட்டேன். அப்பாகூட, "பொண்ணு கேட்டது கிளை, நீ வீட்டையே கொளுத்துறியே" என்றார். "சுட்டா எல்லாம் கறுப்புதானேங்க" என்றேன். பழைய பெயிண்டில் ஈயம் உண்டு என்று கல்லூரியில் படித்து, எழுதி, மார்க்கும் வாங்கியவள் நான்.

கிளைக்கரிப் பாத்திக் கீரையில் ஈயம் பாதிக்கும் கீழே, இன்னொன்றில் கரியே போடாததைவிட அதிகம் என்று முடிவு வந்ததும் நீ போனில், "என் கணக்குதாம்மா எங்கயோ இடிக்குது, காலேஜ்ல மேடம்கிட்ட என் தப்புன்னே சொல்லிடறேன்" என்றாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பாத்தியில்தான் கீரை தளதளவென்று வந்திருந்தது, கரிதான் போட்டாயிற்றே என்ற தைரியத்தில் மூன்று வாரமாக வாலுவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் வேண்டாம் என்று ஓடினான், துரத்திப் பிடித்து ஊட்டினேன். நேற்று அப்பாவுக்குச் சொல்லாமல் அவனைக் கூட்டிப்போய் ஈயச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். ஊசிக்கு அழவில்லை, "இனிமே கீரை வேணாம்ல?" என்று நர்ஸிடம் கேட்டான். வியாழக்கிழமை முடிவு தெரியும். இன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை, போய் அந்தப் பாத்தியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு வந்து கை கழுவினார். திட்டியிருந்தால் தேவலை.

உன் கணக்கு சரி. மேடத்திடம் இந்தக் கடிதத்தையே காட்டு, அம்மா செய்தது என்று சொல், எனக்கு வெட்கமில்லை. நீ நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கோபத்தோடு எழுதினாலும் பரவாயில்லை, சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா