சிவப்பு நூல் கட்டிய ஒன்பது விலாங்கு

இன்று காலை கல்லூரி ஃப்ரீசரிலிருந்து அந்த டப்பாவை எடுத்துத் திறந்தேன். குப்பென்று ஸ்பிரிட் நெடி. உள்ளே மீன் துடுப்புத் துணுக்கு போட்ட நம் சின்னக் குழாய்கள். ஸ்பிரிட் பட்டால் மை அழிந்துவிடும் என்று, எங்கள் வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு நூலை நான்தான் கட்டினேன்: பிழைத்த மீனுக்குப் பச்சை, செத்ததற்குச் சிவப்பு. "மீனக் கொல்லாம ஆராய்ச்சி பண்றதுக்கு எத்தினி பட்டுப்பூச்சிய வேக வெச்சடி?" என்று கேட்டுச் சிரித்தாய். சமணக் குடும்பத்துப் பெண்ணான நீ மீன் ஆராய்ச்சிக்கு வந்ததே ஆரணியில் பலருக்கு வேடிக்கைதான்.

கடலில் பிறந்து ஆறேறி நம் ஊர்ப்பக்கம் வரும் விலாங்குக் குஞ்சுகளில் எது பிழைக்கிறது, எது சாகிறது, அதில் மரபணுவுக்குப் பங்கு உண்டா என்பது நம் கேள்வி. உயிரோடு கிடைத்தால் துடுப்பில் ஒரு துணுக்கு வெட்டிக்கொண்டு ஆற்றில் விட்டுவிட வேண்டும். வற்றிய குட்டையில் தானாகச் செத்துக் கிடந்ததற்கு மட்டுமே சிவப்பு. "பொழச்சத மட்டும் எண்ணினா பாதிக் கததான்டி" என்பாய்.

அந்தக் கோடையில் ஒரு நாள் நாலு மணிக்கே கிளம்பினாய். சமண வழக்கப்படி பொழுது சாயும்முன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும் உனக்கு. "வாளியில இருக்கறத வெட்டிட்டு ஜல்தியா வுட்டுடு. தண்ணி சூடாயிகினு இருக்குது" என்றாய். சரி என்றேன். காலையிலிருந்து வெயிலில் நின்ற அலுப்பு. நிழலில் உட்கார்ந்தவள் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் வாளியில் இருந்த ஒன்பது குஞ்சும் செத்து மிதந்தன. குட்டையில் கிடந்தன என்று நோட்டில் எழுதி, சிவப்பு நூல் கட்டிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

சூடான தண்ணீரைத் தாங்கும் மரபணு வகை ஒன்று உண்டு, அது இல்லாதவை நம் ஆற்றில் சாகின்றன என்று நீ எழுதினாய். அந்த ஒன்பது இல்லாவிட்டால் அந்தக் கட்டுரை நிற்காது. உன் பெயரில் அச்சேறியது அது ஒன்றுதான். அடுத்த வருடமே நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அலுத்துவிட்டது. இப்போது ஓர் ஆய்வு மாணவி அந்தக் கட்டுரையை நம்பித் தன் வேலையைத் தொடங்கப் போகிறாளாம். குழாய்களை அனுப்பச் சொல்கிறாள். நேற்று உன் அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

"அப்ப எங்க பாப்பா எழுதினது பொய்ங்களா?"

"அவ பொய் எழுதலீங்க. நான்தான் பொய்யக் குடுத்தேன்."

சட்டத்தின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். பிறகு, "அவ கண்டுபுடிச்சது ஒருவேள நெசமாவும் இருக்கலாமில்ல?" என்று கேட்டார்.

இருக்கலாம் என்றேன். ஆனால் அந்த ஒன்பதில் எது பிழைத்திருக்கும், எது செத்திருக்கும் என்று இனி யாருக்கும் தெரியாது. நம் ஆறு பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முன்பே நான் கொன்றுவிட்டேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி ஆய்விதழுக்கு இப்போதுதான் கடிதம் அனுப்பினேன். அதோடு உன் பெயரும் போகும். உயிரோடு இருந்து உனக்குத் தெரிந்திருந்தால் நீயே இதைச் செய்திருப்பாய், என்னைக் காட்டிக் கொடுக்காமல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.