யார் பாட்டு, யாருக்கு அஞ்சலி

அன்பு மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதுவது. இங்கே அம்மாவின் வலது கட்டைவிரலைத் தவிர எல்லோரும் நலம், அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாயா என்று கேட்கச் சொல்கிறாள். கடையின் கண்ணாடி அலமாரிக் கதவில் விரல் நசுங்கிக் கட்டுப் போட்டிருக்கிறது, ஆகவே வாய் அவளுடையது, கை என்னுடையது, இடையில் புகுந்துவிடும் குசும்புக்கு யாரும் பொறுப்பல்ல. போனில் பேசினால் நீ 'ம்' என்ற ஒரே எழுத்தை வைத்து ஒப்பேற்றிவிடுகிறாயாம், அதனால்தான் கடிதம்.

பாடகி அம்மா இறந்ததற்கு அங்கே உங்கள் தமிழ்ச் சங்கத்தில் இரங்கல் கூட்டம் வைக்கிறீர்கள், நீதான் பேசப் போகிறாய் என்று தெரிந்து அம்மாவுக்குப் பெருமைதான். "உயிரோட இருந்தப்போ அவங்களுக்கு உரிய மரியாதை கிடைச்சுதா, பக்கத்துல இருந்து பாத்த நீங்களே சொல்லுங்கம்மா" என்று கேட்டிருந்தாய். பக்கத்தில் என்ன, காதுக்குள்ளேயே இருந்தவள் அம்மா. காது மிஷின் கடைக்காரி ஆயிற்றே, கடைசிக் காலத்தில் அவர்களுக்கு இரண்டு காதுக்கும் மிஷின் பொருத்தியது அவள்தான்.

கிடைத்தது என்றே வைத்துக்கொள். போன வருடம் ஒரு பாராட்டு விழா நடந்தது, அம்மாவும் நானும் போயிருந்தோம். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை என்று போய்க்கொண்டே இருந்தது, அத்தனை உரைக்கும் ஒரு உறை கிடைத்திருந்தால் தலையணையாக்கித் தூங்கியிருப்பேன். பாடகி அம்மா மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவர்களைப் பேச அழைத்தால், எழுந்திருக்கவே இல்லை. மறுபடி அழைத்தார்கள், மறுபடி சிரிப்பு. எங்களுக்குப் பின்னால் யாரோ "மிஷின் மட்டம் போல" என்று சொன்னதுதான் தாமதம், அம்மா செருப்பைக்கூடப் போடாமல் மேடைக்கு ஓடினாள். இத்தனை வருடம் கட்டிக்காத்த கடைப் பெயர் போச்சு, அதைவிட, வாழ்நாளில் நடந்த ஒரே பாராட்டு அந்த மனுஷிக்குக் கேட்காமல் போச்சு என்று புலம்பிக்கொண்டே அவர்கள் காதருகே குனிந்தாள். பார்த்தால் மிஷின் இரண்டும் அணைந்து கிடந்தன. போட்டுவிட்டதும் பாடகி அம்மா கிசுகிசுத்தார்களாம், "ஏம்மா போட்ட? நான்தான் அணைச்சேன். ஒருத்தர் அந்தப் படகுப் பாட்டுக்கு என்னைப் புகழ்ந்து தள்ளினார். அது என் பாட்டே இல்லைன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னேன். யார் பாடினா என்னம்மா, பேசாம இருங்கன்னுட்டார். சரி, பேசாம இருந்தா போதாது, கேக்காமலும் இருப்போம்னு நெனச்சேன்."

பிறகு மைக்கை வாங்கிச் சொன்னார்கள், "அந்தப் படகுப் பாட்டு, அதோ கடைசி வரிசைல இருக்காளே, என் பின்னாடி கோரஸ் பாடிக்கிட்டிருந்தவ, அவ தனியா பாடின ஒரே பாட்டு. குரல் என்னோடது மாதிரியே இருக்கும். தட்டுறதா இருந்தா அவளுக்குத் தட்டுங்க." ஆகா, என்ன அடக்கம் என்று அரங்கமே எழுந்து நின்று பாடகி அம்மாவுக்கே கைதட்டியது. ஒரு தலைகூடக் கடைசி வரிசைப் பக்கம் திரும்பவில்லை. அங்கே இருந்தது யார் தெரியுமா, நம் எதிர்வீட்டுக் கோரஸ் அத்தை. அவளும் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தாள்.

கீழே கார் வரக் காத்திருந்தபோது அம்மா, "இருந்தாலும் இவ்வளவு பேர் வந்தாங்களேம்மா" என்று ஆறுதல் சொல்லப் போக, "இருபது வருஷம் முன்னாடி கூப்பிட்டிருந்தா மிஷின் இல்லாமலே கேட்டிருப்பேன்" என்றார்களாம். இதுதான் உன் கேள்விக்கு அம்மாவின் பதில். அதோடு மூக்கைச் சிந்தப் போய்விட்டாள்.

திரும்பி வந்து சொல்வது இது. நீ முகநூலில் அஞ்சலி என்று ஒரு பாட்டைப் போட்டு, கீழே கண்ணீர் பொம்மைகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறாயே, அது அதே படகுப் பாட்டு. யாருக்குமே சந்தேகம் வரவில்லையாம், நூறு பேர் கூடச் சேர்ந்து அழுதிருக்கிறார்கள். திட்டவில்லை கண்ணா, உனக்குத் தெரியாது. ஆனால் பாட்டுக்காரி உயிரோடு இருக்கிறாள், போன மாதம்தான் அவள் காதைச் சோதித்துப் பார்த்தேன், பாம்புக் காது. கூட்டத்தன்று அவளை வீடியோ போனில் பெரிய திரையில் கொண்டுவந்து, இது உங்கள் பாட்டு என்று எல்லார் முன்னாலும் சொல். கேட்கிற காது இருக்கும்போதே சொல் என்கிறாள். உன் உரையையும் சுருக்கு, இது நான் சொல்வது.

குளிரில் காதை மூடாமல் சுற்றாதே. நல்ல பேரும் நல்ல உடம்புமாக நீ நிறைந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வாய்: அம்மா
கை: தங்கை

பின்குறிப்பு, இது அம்மாவுக்குத் தெரியாது: யோசித்துச் செய்கிறேன் என்று நீ இழுப்பாய் என்பதால், நீ கூப்பிடப் போவதாகக் கோரஸ் அத்தையிடம் நானே சொல்லிவிட்டேன். முதலில் "போடி வாயாடி, என்னை யாரு கூப்பிடப் போறா" என்று விரட்டினாள். இப்போது தினமும் காலையில் சன்னலைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்க்கிறாள். சாத்தினாலும் இங்கே நன்றாகவே கேட்கிறது.