புள்ளத்தாச்சிக்குத் துணை

எதிர் லயத்து வீட்டில் இன்று யாருக்கோ வளைகாப்பு. புளிச்சோற்று வாசனை என் அடுப்படிவரை வருகிறது. வாசனையோடு உன் ஞாபகம் வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. நீ போய்ப் பத்து வருஷம் ஆகிறது. எரிச்சல் மட்டும் குறைந்தபாடில்லை.

நமக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அடுத்தடுத்த நிரையில் தேயிலைக் கொழுந்து பறித்தோம், ஒரே டப்பாவில் சோறு தின்றோம். நாம் ஒருத்திமேல் ஒருத்தி ஆசை வைத்திருந்ததை லயத்து ஜனங்கள் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். குழாயடியில் நம்மைக் கண்டால் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். கங்காணி உன்னை மலை உச்சியிலும் என்னை ஆற்றோரத்திலும் நிரை போட்டார். அவர் மூளைக்கு எட்டிய வைத்தியம் அவ்வளவுதான்.

நீதான் அந்த யோசனையைச் சொன்னாய். "வயிறு தெரிஞ்சிட்டா எல்லாரு வாயும் மூடிக்கும் லா. அப்புறம் நம்மள யாரு கேக்கப் போறா?" இரண்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை. நீயோ கியா பார்ம் காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் லோரி ஓட்டியவனுக்குக் கழுத்தை நீட்டினாய். மூன்றே மாதத்தில் வாந்தியும் எடுத்தாய்.

வாய் மூடியது. அது மட்டுமா? உன்னைக் கண்டு காறித் துப்பிய அதே பெண்கள் மாங்காயும் கையுமாக உன் வாசலில் நின்றார்கள். வளைகாப்பில் கங்காணியின் மனைவி உன் கன்னத்தில் சந்தனம் பூசி, நம்ம பிள்ளை திருந்திவிட்டாள் என்று உருகினாள். கல்யாணமாகாதவள் என்று என்னை வளையல் போட விடவில்லை, புளிச்சோறு கிளற விட்டார்கள். நீ குனிந்தே இருந்தாய். வெட்கம் என்று நினைத்தார்கள். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாய்.

அதைவிடப் பெரிய கூத்து, வயிறு தெரிந்ததுமே நடந்தது. மாசமானவள் மலையில் தனியாக நிற்கக் கூடாதாம். கங்காணியே கூப்பிட்டு என்னை உன் பக்கத்து நிரையில் போட்டார். "புள்ளத்தாச்சிக்குத் தொண வேணும். நீதான் அவள நல்லாப் பாத்துக்குவ" என்றார். எவ்வளவு பெரிய அறிவாளி! ஐந்து மாதம் உன் கூடையையும் சேர்த்துச் சுமந்தேன். மதியத்தில் செடிகளுக்கு நடுவே உன் வீங்கிய காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்றாய் நீ. மடச்சி, நானும் நம்பினேன்.

பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. பிள்ளை பிழைத்தது, நீ பிழைக்கவில்லை. ஊர் வாயை அடைக்க உயிரையா கொடுப்பார்கள்? உன்மேலும் எனக்குக் கோபம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? இழவு வீட்டில் ஒருத்தி சொன்னாள், பொம்பளையாக வாழ்ந்து பொம்பளையாகப் போய்ச் சேர்ந்தாளாம். மற்றவர்கள் தலையாட்டினார்கள். உன் புருஷன் வருஷம் திரும்புமுன் வேறொருத்தியைக் கட்டினான். பிள்ளையை அவன் அம்மா மலைக்குக் கீழே தாப்பாவுக்குத் தூக்கிப் போனாள்.

உன் முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் கங்காணியின் மனைவி என்னைத் தேடி வந்தாள். "கூட்டாளிக்காக எத்தன நாளு அழுவ? நீயும் ஒருத்தனக் கட்டி ஒண்ணப் பெத்துக்க. எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள்.

"அவ எனக்குக் கூட்டாளி இல்ல. என் பொஞ்சாதி" என்றேன்.

எழுந்து போய்விட்டாள். துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டதென்று லயம் முழுக்கச் சொல்லிவைத்தாள். நல்லதாகப் போயிற்று, அன்றிலிருந்து யாரும் எனக்கு மாப்பிள்ளை கொண்டுவருவதில்லை. இந்த ஜனங்கள் என்ன நினைத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. அந்தச் சொல்லை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. போயும் போயும் அவளிடம் சொன்னேன்.