சர்ஜாபுரம் சைட்டில் செண்டுமல்லி இல்லை

என்னங்க,

குக்கரில் சாதம் இருக்கிறது. ரசத்தை மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நான் அல்சூரில் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

திங்கட்கிழமை காலையும் வழக்கம்போல நம் சர்ஜாபுரம் சைட்டுக்குப் போய், அந்தக் காலி மனையில் நான் போட்ட பாத்தியில் களை எடுத்து, செண்டுமல்லி பறித்து வந்தேன். மறுநாள் பூவை வேகவைத்துக் கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றினேன். புதன்கிழமை முழுக்க, சௌம்யா வயிற்றில் இருக்கும் நம் பேரக்குழந்தைக்குச் சால்வை பின்னினேன். வியாழக்கிழமை தண்ணீர் ஊற்றப் போனால் ஒரு செடிகூட இல்லை. ஜேசிபி நின்றது.

"சார் சைட்ட வித்துட்டாரேம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார் டிரைவர்.

தெரியும் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

நேற்று உங்களிடம் கேட்டேன். "பூச்செடிதானே கோமளா, மாடியில தொட்டி வெச்சுக்கோ" என்றீர்கள். அதற்கு மேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

சாயம் ஏற்றிய நூல் தீர்ந்து, சால்வை பாதியில் நிற்கிறது. கடை நூல் வாங்கி முடிக்கலாம்தான். கை ஓடவில்லை.

என் சாவியை எதிர்வீட்டு வீணாவிடம் கொடுத்திருக்கிறேன்.

பி.கு: அக்கா வீட்டுக்கு போன் செய்யாதீர்கள். "வா" என்பீர்கள், நானும் வந்துவிடுவேன். வந்தபின் காலையில் எழுந்து எங்கே போவேன் என்றுதான் தெரியவில்லை.