வற்றிய கிணற்றில் ஒரு ஜாடிக் கடல்

மாப்ள, போன வாரம் பல் பிடுங்கப் போன இடத்தில் உன் வீட்டு வாசனை அடித்தது.

காத்திருப்பு அறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே உயிருள்ள பவளம், மீன்கள், மேலே நீல விளக்கு. வேலை பார்க்கும் பெண் தீனி போட மூடியைத் தூக்கினாள். ஈரச் சிப்பியும் உப்பும் கலந்த அந்த நெடி ஏறியதும் பல்வலியை மறந்து எழுந்து போனேன். தொட்டிக்கு அடியில் சிவப்பு எழுத்தில் இருபத்தாறு என்று மின்னியது.

"அது என்னம்மா?"

"தண்ணியோட சூடு தாத்தா. கூடுச்சுன்னா மெஷினே குளுர வச்சிரும். லைட்டும் அதுவா எரிஞ்சு அதுவா அணஞ்சிரும்."

"அப்ப நீ என்ன செய்வ?"

"நான் சும்மா பாப்பேன்."

நீ இருந்திருந்தால் அவளை விட்டிருக்க மாட்டாய். மெஷினைக் கழற்றிக் காட்டு என்று நின்றிருப்பாய்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நீ திண்டுக்கல்லில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தாய். அதற்குப் பின்னாலேயே உன் வீடு. பக்கத்துக் கட்டடத்தில் என் சோடாக் கம்பெனியும், அதோடு சேர்ந்த ஐஸ் பேக்டரியும். நமக்குள் ரத்த உறவு எதுவும் இல்லை. ஒருவரையொருவர் மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்து, அதனாலேயே உன் மனைவி எனக்குத் தங்கச்சியாகிவிட்டாள். அவள் மண்டபத்துக்காரி. அவளுடைய அண்ணன் அங்கே ரயில்வேயில் இருந்தார். ஒருமுறை நம் ஊருக்கு வந்தபோது, ஊறுகாய் ஜாடிகளில் கடல் தண்ணீரும், ஒரு பவளக்கல்லும், நகமளவு நீல மீன் இரண்டும் கொண்டுவந்து இறக்கினார். நீ என்றோ விளையாட்டாகக் கேட்டிருக்கிறாய். மனிதர் நிஜமாகவே செய்துவிட்டார்.

தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கூர்ல இதச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவாக அண்ணே. செவுத்துக்குப் பூசுறத இவுக கண்ணாடிக்குள்ள வச்சுக் கும்புடப் போறாக."

நீ அதைக் காதில் வாங்கவே இல்லை. பழுப்பு நிறக் கல்லின் மேல் ஊசிமுனை அளவில் பூக்கள் விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். விரலை அருகில் கொண்டுபோனால் அவை உள்ளே இழுத்துக்கொண்டன. "கல்லு எப்படி மாப்ள கூச்சப்படும்?" என்று கேட்டாய்.

தேக்குச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, தார் பூசி, தொட்டி செய்தாய். லாரி ட்யூபில் காற்றடைத்து, ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் விட்டாய். நான் சோடாக் காஸைக் கொண்டுவரவா என்று கேட்டதற்கு, "ஏலே, மீனுக்கு ஏப்பம் வரும்டா" என்றாய்.

தண்ணீரின் சூடுதான் முதல் பெரும்பாடாக இருந்தது. டார்க் ரூமில் படம் கழுவும் மருந்தை அளவான குளிர்ச்சிக்குக் கொண்டுவருவது உனக்குக் கைவந்த வேலை. அதே தெர்மாமீட்டரைத் தொட்டியில் தொங்கவிட்டாய். மத்தியானம் அது ஏறியதும் என்னிடம் ஐஸ் கேட்டாய். ரப்பர் பையில் கட்டி உள்ளே இறக்கினோம். பாதரசம் சரசரவென்று இறங்கியது. நாம் இருவரும் கைதட்டாத குறைதான். அதற்குள் நீல மீன்களில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. மறுபடி அது நிமிரவில்லை.

"மருந்துக்கு உசுரு இல்ல மாப்ள, எப்படி இழுத்தாலும் வரும். இதுகளுக்குச் சூடும் ஆகாது, வெடுக்குனு குளுந்தாலும் ஆகாது" என்று நீ மெல்லச் சொன்னாய். அதன்பின் தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு, ஒரு மேசை விசிறி. ஐஸ் தண்ணீர் நிரப்பிய சோடாப் பாட்டில் ஒன்றை மட்டும் உள்ளே மிதக்கவிட்டு, அது வெதுவெதுப்பானதும் மாற்றினாய். அது பொறுமைக்காரன் வைத்தியம், பலித்தது.

அடுத்தது வெளிச்சம். வீட்டுக்குள் வைத்தால் பவளத்தின் பூக்கள் சுருங்கின. கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டுடியோவில் வைத்தால் பூத்தன, ஆனால் தண்ணீர் கொதித்தது. வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். லைட் மீட்டரை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அலைந்து, கடைசியில் குளிர்ந்த நடைக்குள் தொட்டியை வைத்துவிட்டு, முற்றத்தில் ஒரு ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தி வெயிலை உள்ளே திருப்பிவிட்டாய். சூரியன் நகர நகரக் கண்ணாடியையும் திருப்ப வேண்டும். தாடிக்கொம்பிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்க, "அப்படியே அசையாம இருங்க, செத்த நேரத்துல வாரேன்" என்று கண்ணாடி திருப்பப் போய்விட்டாய். அவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அடுத்த கோடையில் சிரிப்பு போயிற்று. மழை பொய்த்து, குழாயில் தண்ணீர் வருவது அரிதாகி, என் கிணறும் உன் கொல்லைக் கிணறும் அடிவரை வற்றின. ஐஸ் பேக்டரியைப் பூட்டினேன். அந்த நாட்களில்தான் எதிர்வீட்டு அக்கா குடத்தோடு வந்து நின்றார்.

"குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்ல, மீனுக்குத் தொட்டி நெறைய வச்சிருக்கியாமே?"

தங்கச்சி தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தாள். அக்கா ஒரு வாய் வைத்தார். முகம் போன போக்கைப் பார்த்துத் தங்கச்சி சிரிக்க, அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டார். பிறகு தங்கச்சி தன் பானையிலிருந்து நல்ல தண்ணீர் பாதிக் குடம் ஊற்றி அனுப்பினாள்.

ஐஸ் நின்றதும் பவளம் வெளுக்கத் தொடங்கியது. பழுப்பெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சில நாட்களில் உப்புக்கல் போல வெள்ளையாகிவிட்டது. நான் செத்துவிட்டது என்றேன். நீ பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தாய். "நெறந்தான் போயிருக்கு மாப்ள. தோலு இருக்கு. உள்ள என்னமோ அசையுது."

கேலி பேசிய தங்கச்சிதான் அப்போது வழி சொன்னாள். "கடலுக்கடியில குளுச்சியாத்தான இருக்கும்? நம்ம கெணறு சும்மாதான கெடக்கு. அதுக்குள்ள எறக்குங்க."

நீ அவளைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. உடனே கிணற்றுக்குள் இறங்கித் தெர்மாமீட்டரோடு திரும்பி வந்தாய். முற்றத்துக்கும் அடிக்கும் அவ்வளவு வித்தியாசம். பவளத்தையும் மிச்சமிருந்த மீனையும் பெரிய ஜாடியில் வைத்து, தொட்டித் தண்ணீரை ஊற்றி, கயிறு கட்டி இறக்கினோம். காற்றுக் குழாயும் இறங்கியது. அடியில் இருட்டு. அதற்கும் உன்னிடம் விடை இருந்தது. கிணற்று மேட்டில் ஒரு கண்ணாடி, வாய்க்கு மேலே சாய்த்துக் கட்டிய இன்னொன்று. ஒன்று பிடித்த வெயிலை மற்றது உள்ளே தள்ளியது. வற்றிய கிணற்றின் அடியில் வெளிச்சம் வட்டமாகப் போய் விழுந்து, நடுவில் அந்த வெள்ளைக் கல் நிலா மாதிரி தெரிந்தது.

தெருவே வந்து எட்டிப் பார்த்தது. "உள்ள என்னப்பா பாக்குறீக?" என்று யாரோ கேட்டதற்கு, "கடல" என்று தலைநிமிராமல் பதில் சொன்னாய்.

மழை வந்த அன்று நீ ஊரில் இல்லை. வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தாய். மத்தியானம் சிறுமலைப் பக்கம் கறுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்டியது. ஊரே கைகூப்பி நனைந்துகொண்டிருக்க, தங்கச்சி கொல்லைக்கு ஓடினாள். மழைத்தண்ணீர் ஜாடிக்குள் விழுந்தால் உப்பு போய்விடும், எல்லாம் போய்விடும். அவள் முறத்தைக் கிணற்று வாயில் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "அண்ணே, வெரசா இழுங்க!" கயிறு வழுக்கியது. உள்ளங்கை தோலுரிய இழுத்தேன். ஜாடி மேலே வந்தபோது அவள் அதைத் தன் முந்தானையால் மூடிக் குழந்தையைத் தூக்குவதுபோல் வீட்டுக்குள் தூக்கிப் போனாள்.

பொழுது சாயும் நேரம், சொட்டச் சொட்ட நனைந்து நீ பஸ்ஸிலிருந்து ஓடி வந்தாய். இருக்கிறதா செத்ததா என்று கேட்பாய் என நினைத்தோம். நீ கேட்டது, "தண்ணி எம்புட்டு சூடு இருக்கு?"

"மொதல்ல தலையத் தொவட்டுங்க" என்றாள் தங்கச்சி. பிறகு பெருமையோடு அளவைச் சொன்னாள். அவள் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள்.

மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தோம். ஒரு காலை நீ என் கம்பெனிக்குள் ஓடி வந்து, கையைப் பிடித்து இழுத்துப் போனாய். வெள்ளைக் கல்லின் ஓரத்தில் தேநீர்க் கறை போலப் பழுப்பு. சில வாரங்களில் அது கல் முழுக்கப் படர்ந்தது. நான் சந்தோஷப்பட்டேன். நீ சந்தோஷத்தோடு நிற்கவில்லை. "எதுனால பொழச்சுச்சு மாப்ள? குளுச்சியாலயா, நாம விட்ட வெளிச்சத்தாலயா? ஒருவேளை ரெண்டும் இல்லாம, அதுவாவே பொழச்சுக்கிருச்சோ?" அடுத்த கோடையில் கல்லைப் பாதியாக உடைத்து, ஒன்றை இருட்டிலும் ஒன்றை வெளிச்சத்திலும் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டாய். தங்கச்சி சம்மதிக்கவில்லை. "பொழச்சதப் போட்டு ஒடைக்கவா?" என்று கேட்டதும் நீயும் விட்டுவிட்டாய்.

அந்தக் கோடையே உனக்கு வரவில்லை. நெஞ்சுவலி என்று படுத்தவன் எழவில்லை. காரியமெல்லாம் முடிந்தபின் தங்கச்சி அண்ணனோடு மண்டபம் போய், பவளத்தையும் அந்த ஒற்றை மீனையும் எடுத்த கடலிலேயே விட்டுவிட்டு வந்தாள். வந்தவள் என்னிடம், "எதுனால பொழச்சுச்சுன்னு அவுகளுக்குத் தெரியாமலே போச்சு" என்றாள்.

பவளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறதாம். சூடு கூடினால் வெளியேறிவிடுகிறதாம். வெளியேறியதுதான் அந்தப் பழுப்பாம். பின்னாளில் யாரோ சொல்லக் கேட்டேன். உனக்குச் சொல்ல வேண்டும் என்று முதலில் தோன்றியது. நீ என்ன கேட்டிருப்பாய் என்றும் தெரியும்: "அதுவா போச்சா, இது வெரட்டுச்சா?"

இப்போது என் மகன் செம்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறான். புது உரம் வைத்ததால் இந்த வருஷம் பூ கொட்டுகிறது என்று பூரித்தான். என் வாய் சும்மா இருக்கவில்லை. "மழையும்தானடா பேஞ்சுச்சு. எதுனால பூத்துச்சு?" என்றேன். மூன்று நாள் அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று வந்து, இந்த முறை ஒரு வரிசைக்கு மட்டும் உரம் வைக்காமல் விட்டிருப்பதாகச் சொன்னான்.

அந்த வரிசையைப் பார்க்கத்தான் நாளை காலை கிளம்பிப் போகிறேன், மாப்ள.