கரைக்குள் இருந்த வைக்கோல்

மழை அளவோடு பெய்க. ஏரி நிறைக. நிறைந்த ஏரியின் கரை நிற்க.

முகிலங்கோட்டு நாட்டின் முடி தரித்தவளும், ஆற்றின் இருபுறத்து ஊர்களையும் காக்கும் கடன் பூண்டவளுமாகிய நல்லமங்கை மாதேவி, மேட்டுப்பதியின் தலைவரும், ஏரிக்காவலர் என்னும் பட்டம் பெற்றவரும், எம்முடன் ஒரே வயிற்றில் பிறந்தவருமாகிய மதிவேளுக்கு விடுக்கும் ஓலை. மேட்டுப்பதியின் மாடங்களும் ஆநிரைகளும், உம் மனைவியும் மக்களும் நலமாக இருக்குமாறு வாழ்த்துகிறோம். வழக்கப்படி உம் நலத்தையும் கேட்டு எழுத வேண்டும் என்று ஓலை எழுதுபவர் நினைவூட்டினார். உம் நலம் எமக்குத் தெரியும். ஏரிக்குக் கீழே உள்ள தாழையூர் மூழ்கிய அன்று, மேட்டின்மேல் நீர் கால் நனையாமல் இருந்தீர்.

இந்நாட்டில் ஒரு பொருள் பழுதானால் அது குப்பைக்குப் போவதில்லை என்பதை உமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நைந்த சேலை மருத்துவச்சாலையில் காயம் கட்டும் துணியாகிறது. அடி விரிசல் விட்ட குடம் சுரைக்கொடியின் வேரருகே புதைந்து சிறுகச் சிறுக நீர் கசிகிறது. கதவாக உழைத்து ஓய்ந்த பலகை ஓடத்துக்குத் தளமாகிறது. இவற்றைக் கொடுத்தவருக்கு நாம் கைம்மாறாகத் தருவது ஓர் உரிமை மட்டுமே. தாம் கொடுத்த பொருள் எங்கே வேலை செய்கிறது என்று ஆவணியில் ஒரு நாள் போய்ப் பார்த்துவரும் உரிமை அது. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போவதுபோல் நம் மக்கள் அன்று மஞ்சளும் பூவும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தம் குடத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். உன் குடம் உன்னைப் போலவே சோம்பிக் கிடக்கிறது என்று பக்கத்து வீட்டாரைச் சீண்டிச் சிரிக்கிறார்கள். நம் ஆட்சியின்மேல் அவர்கள் வைத்த நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு நாளில்தான் இருந்தது.

கருங்கண் ஏரியின் கரை மழைதோறும் அரிப்பதைக் கண்டு சென்ற கோடையில் சபை கூட்டினோம். வீடுகளில் கிடக்கும் தேய்ந்த அம்மிகளையும் உரல்களையும் அடுக்கி, விரிசல் விட்ட தாழிகளில் களிமண் அடைத்து, கிழிந்த கோணிகளைத் தைத்து மணல் நிரப்பி, எல்லாவற்றையும் கரையின் வயிற்றுக்குள் இட்டால் எந்த வெள்ளத்துக்கும் அது அசையாது என்று யோசனை சொன்னவர் நீர். அதைக் கேட்டு எமக்கு நெஞ்சு நிறைந்தது. எம் தம்பி என்று நாலு பேர் காதுபடச் சொல்லி, கட்டும் பணியையும் உம்மிடமே ஒப்படைத்தோம். பொருள்கள் வண்டி வண்டியாக வந்தன. தாழையூர்க் குயவர் தெருவில் வாழும் செல்லநங்கை என்பவள், தன் மணநாளில் கால் வைத்த அம்மியையே கொண்டுவந்து கொடுத்தாள். நடுவில் குழிந்துவிட்டாலும் இன்னும் அரைக்கத்தான் செய்கிறது, ஆனால் ஊரைக் காக்க வேண்டுமென்றால் போகட்டும் என்றாளாம்.

ஆவணியில் மக்கள் கரைக்கு வந்தனர். உம் கொத்தர்கள் கரையின் முகத்தில் அம்மிகளையும் உரல்களையும் வரிசையாகப் பதித்திருந்தனர். அவரவர் கல்லை அவரவர் அடையாளம் கண்டு மஞ்சள் பூசினர். நாமும் எம் அடுக்களை ஆட்டுக்கல்லைக் கண்டு தொட்டு மகிழ்ந்து, அருகில் நின்ற உம்மைத் தழுவி வாழ்த்தினோம். நீர் தலை குனிந்து நின்றீர். அதை அடக்கம் என்று எண்ணினோம்.

ஐப்பசியின் முதல் பெருமழைக்கே கரை பிளந்தது. ஊரார் கோயில் மேட்டுக்கு ஓடி உயிர் பிழைத்தனர். அதற்குத் தெய்வத்துக்குத்தான் நன்றி சொல்கிறோம், ஏரிக்காவலருக்கு அன்று. வீடுகள் போயின, விதைநெல் போயிற்று, கட்டுத்தறியில் கட்டியிருந்த மாடுகள் கட்டியபடியே போயின. வெள்ளம் வடிந்ததும் உடைப்பில் இறங்கி நின்று பார்த்தோம். கல் வரிசைக்குப் பின்னால் வைக்கோல் இருந்தது. வைக்கோலுக்குப் பின்னால் வெறும் மணல். ஒரு தாழி இல்லை, ஒரு கோணி இல்லை. உம் கொத்தர் தலைவனை அழைத்துக் கேட்டபோது அவன் மறைக்கவில்லை. மற்றெல்லாம் மேட்டுப்பதிக்கு ஏற்றப்பட்டு உம் புதிய நீராடு மண்டபத்துக்கு அடித்தளமாயின என்றும், ஆவணியில் பார்க்க வருவோரின் கண்ணுக்கு முகத்தில் ஒரு வரிசை போதும் என்று நீரே பணித்தீர் என்றும் கூறினான்.

திருட்டு என்றால் பொறுத்திருப்போம். இதைப் பொறுக்க எம்மால் இயலவில்லை. இம்மக்கள் எங்கே பார்ப்பார்கள், எங்கே பார்க்க மாட்டார்கள் என்று கணித்துச் செய்தீர். பகைநாட்டான் ஒருவனுக்கு அது தெரியாது. எம் வீட்டில் உண்டு வளர்ந்தவனுக்கே தெரியும். உன்னை நான் தழுவியபோது உனக்குப் பின்னால் அந்த வைக்கோல் இருந்ததே, தம்பி. ஏன் வாய் திறவாமல் நின்றாய்? அன்று ஒரு சொல் சொல்லியிருந்தால், உன்னை வைதுகொண்டே மழைக்குமுன் மறுபடி கட்டி முடித்திருப்பேனே.

கார்த்திகை மழை இன்னும் மிச்சம் இருக்கிறது. உடைப்பை அடைக்கப் பழம்பொருள் வேண்டி வண்டிகள் அனுப்பினோம். வெறும் வண்டிகளே திரும்பின. மக்கள் உடைந்த பானையைத் தெருவில் போட்டு மிதிக்கிறார்கள், கந்தலைக் கொளுத்துகிறார்கள், அரண்மனை வண்டியில் மட்டும் ஒன்றும் இடுவதில்லை. செல்லநங்கை சபைக்கே வந்தாள். அவள் சொற்களைத் திருத்தாமல் எழுதப் பணித்தோம்: "மொகத்தக் காட்டி ஏமாத்திப்புட்டீகளே தாயி. இனிமே எங்க வூட்டு ஓட்டச் சட்டிகூட ஒங்களுக்குக் கெடையாது. கரை கெட்டியா இருக்கும்னு நெசமா நம்புனா, ஒங்க வூட்டு ஆளுக வந்து அதுக்குக் கீழ படுக்கட்டும். அப்பறம் நாங்க குடுக்குறோம்." சபையில் எவரும் அவளை அடக்கவில்லை. அவள் கேட்டதில் பிழை ஒன்றும் எமக்குத் தெரியவில்லை.

அமைச்சர் உம் தலையைக் கேட்கிறார். படைத்தலைவர் உம்மை எல்லைக்கு அப்பால் துரத்தச் சொல்கிறார். இரண்டும் வீண் செலவு. பழுதான பொருளையும் எறியாத நாட்டில் உம்மை மட்டும் எறிவானேன்? உமக்கும் ஒரு வேலை கண்டிருக்கிறோம்.

ஆகவே ஆணை. உம் நீராடு மண்டபத்தைக் கடைசிக் கல்வரை பிரித்து, தூண்கள் உட்பட, கருங்கண் ஏரிக்குக் கொண்டுவருக. வண்டிகளோடு நீர் நடந்தே வருக. பல்லக்கின் மரமும் கரைக்கு வேண்டும். களிமண்ணை உம் காலாலேயே மிதித்து, உம் கையாலேயே தாழிகளுக்குள் அடைக்க வேண்டும். உடைப்புக்கு நேர் கீழே ஒரு குடிசை போட்டிருக்கிறோம். மழைக்காலம் தீரும்வரை உம் உறக்கம் அதில். நீர் வந்து படுத்த மறுநாள் தன் பொருள்களைத் தருவதாகத் தாழையூர் வாக்களித்திருக்கிறது. செல்லநங்கை கேட்டது அரச வீட்டாரை; அதில் நாமும் அடக்கம். எனவே எம் பாயும் அதே குடிசையில் விரிக்கப்படும்.

இவ்வோலை படித்து முடித்த பொழுதே புறப்படுக. மறுமொழி ஓலை வேண்டாம். உம் கால்கள் வந்து சேர்ந்தால் போதும். வலம்புரி இலச்சினை இட்டோம்.

கரையை எப்படிக் கட்டுவது என்று இங்கே எழுதவில்லை, நீரே அறிவீர். உடன்பிறப்பென்று நம்பியது தீர்ந்துபோயிற்று. உம் உயிர்மேல் உமக்குள்ள ஆசையை நம்பியே நாம் அங்கே கண் மூடப் போகிறோம்.