வாசலில் ஆளில்லை

கெரிச்சோ
4 மார்ச் 2023

அன்புத் தம்பி முவாண்டோவுக்கு,

போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன் அண்ணே" என்பாய், அதனால் எழுதுகிறேன். பட்டாளத்தில் ரேடியோவைச் சுமந்துகொண்டு என் பின்னாலேயே வந்த பயல் இன்று நைரோபியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறான் என்று இந்தத் தேயிலைக் கிடங்கு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். எங்கள் வாசலில் மாட்டிய கேமரா உங்கள் கம்பெனியுடையதாமே! "அஃபாண்டே, இனி உங்க தம்பி உங்களையேதான் பாத்துக்கிட்டிருப்பான்" என்று, பட்டாளத்து மேலதிகாரியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு, மற்ற காவலாளிகள் கிண்டல் செய்கிறார்கள். பார்க்கட்டுமே. அணிவகுப்பில் நிற்பதுபோல நிற்கிறேன். ஈ உட்கார்ந்தால்கூட விரட்டுவதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அண்ணி நாகிரு கேட்கச் சொன்னாள்.

உன் அண்ணன்
எகிடோர்


நைரோபி
19 மார்ச் 2023

அஃபாண்டே அண்ணனுக்கு,

இதை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. அந்தக் கேமராவுக்கான புரோகிராமை எழுதியவன் நான்தான். அசைவு தெரிந்தால்தான் ஆள் இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும். நீங்கள் நின்ற நேரமெல்லாம் "வாசலில் ஆளில்லை" என்று பதிவாகியிருக்கிறது. மாதக் கடைசியில் முதலாளிக்கு அறிக்கை போகும். நீக்க வேண்டியவர்களில் இப்போதைக்கு உங்கள் பெயர்தான் முதலில். சுவரில் சாய்ந்து போனை நோண்டுகிறவன் அதற்கு நல்ல காவலாளி.

ஆபீஸ் பையன்களை நிற்க வைத்துத்தான் சோதித்தேன். அவர்களில் ஒருத்தனாலும் சும்மா நிற்க முடியாது. உங்களிடமே நிற்கக் கற்ற எனக்கு இது உறைக்கவேயில்லை. வெட்கமாக இருக்கிறது அண்ணே.

பிழை என்னுடையது என்று என் மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, "பட்டாளத்தானுக்கு இதெல்லாம் எங்க வரும்" என்று ஏற்கெனவே காதில் விழுகிறது. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், கொஞ்சம் நடங்கள், கையையாவது ஆட்டுங்கள். அது போதும். கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள்.

உங்கள்
முவாண்டோ


கெரிச்சோ
2 ஏப்ரல் 2023

தம்பி முவாண்டோவுக்கு,

நீ சொன்னபடி ஒருநாள் முழுக்க ஆடிப் பார்த்தேன். லாரிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி, "என்ன பெரியவரே, சட்டைக்குள்ள எறும்பா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து நாகிருவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அது பொய். பிழை செய்ததற்காக அல்ல. புதுத் தொழிலில் பிழை வரத்தான் செய்யும். அதை மறைக்க என்னை ஆடச் சொன்னாயே, அதுதான் தாங்கவில்லை.

நேற்று நானாகவே வேலையை விட்டுவிட்டேன். சொந்த ஊர் லோட்வாருக்கே போகிறோம். நீ அங்கே வரவும் வேண்டாம், பதில் எழுதவும் வேண்டாம். இனி இதை யாரும் கிளறப்போவதில்லை, உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதே. வாசலில் ஆளில்லை என்று உன் மிஷின் சொன்னது இன்றிலிருந்து உண்மைதான்.

சார்ஜென்ட் எகிடோர்